தூரக் குறிக்கு ரைஃபிள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சில வருடங்களாக, ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் 600 கஜம் வரை குறி சுட்டுப் பழகியிருக்கிறேன். அடுத்து, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாங்க ஆசை. ஆனால் ரேஞ்சில் இருக்கும் மூத்தவர்கள், "செமி ஆட்டோ என்றாலே துல்லியத்தை மறந்துவிடு" என்கிறார்கள். உண்மையா? நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் 1988 சட்டத்துக்குப் பிறகு .22 ரிம்ஃபயர் (சிறு தோட்டா வகை) தவிர மற்ற செமி ஆட்டோ ரைஃபிள்களுக்கு இடமில்லை. ஆஸ்திரேலியா 1996-லும் நியூசிலாந்து 2019-லும் கடுமையாகக் கட்டுப்படுத்தின. லைசென்ஸ் கைக்கு வருமுன் யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூத்தவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்-14 வகையில் பேரல், காஸ் சிலிண்டர் (வெடிமருந்து வாயு வந்து ரைஃபிளை இயக்கும் குழாய்), மரக்கட்டை மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கட்டைக்குள் பசை ஊற்றிப் படுகை அமைத்தால்தான் குண்டுகள் கூடி விழும். அந்தப் படுகையும் நாளாக நாளாகத் தளரும், மறுபடி செய்ய வேண்டும். அவற்றோடு பல வருடம் மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அமெரிக்க சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ ரக ரைஃபிள்) போட்டிகளில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து எம்-16 ராணுவ ரைஃபிளின் செமி ஆட்டோ வடிவமான ஏ.ஆர்-15 வகைதான் முன்னுக்கு வந்தது, அதுவும் 600 கஜத்தில். அதன் பேரலை எந்தக் கட்டையும் தொடாமல் தனித்து நிற்க விட முடிந்ததுதான் பெரிய காரணம்.

போல்ட் ஆக்‌ஷனுக்கும் செமி ஆட்டோவுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் என்ன? செமி ஆட்டோவில் டிரிக்கரை இழுத்ததும் கனமான சுத்தியல் ஒன்று சுழன்று போய் ஃபயரிங் பின்னை அடிக்கிறது. அந்த அசைவே ரைஃபிளைக் கொஞ்சம் உலுக்கும், நேரமும் சற்றுக் கூடுதலாக எடுக்கும். குண்டு பேரலை விட்டு வெளியேறும் நேரத்தை ஒட்டியே போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியரும் பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. அதாவது, நீங்கள் தோளைத் தளர்த்தினாலோ டிரிக்கரிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்தாலோ, போல்ட் ஆக்‌ஷன் மன்னித்துவிடும் தவற்றை இது காகிதத்தில் காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, குண்டு குறியில் படும் வரை டிரிக்கரைப் பின்னாலேயே பிடித்து வைத்திருங்கள் என்பதுதான். இந்த ஒரு பழக்கம் வராமல் எத்தனை விலை உயர்ந்த ரைஃபிள் வாங்கியும் பயனில்லை.

சரி, வாங்குவதற்கு வருவோம். காசை பேரலில் போடுங்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு, உள்ளழுத்தம் நீக்கிய எஃகு, குண்டின் எடைக்கேற்ற ட்விஸ்ட் (பேரலுக்குள் உள்ள சுருள் வரி ஒரு சுற்று முடிக்கும் நீளம்): .308 தோட்டாவுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5 கிரீட்மூருக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .223-இல் 77 கிரெய்ன் (சுமார் 5 கிராம்) போன்ற கனமான குண்டுகளுக்கு 7 அல்லது 8. அடுத்து டிரிக்கர். இரண்டு கட்டமாக வரும் நல்ல டிரிக்கர் போதும், பூ மாதிரி மெலிதாக இருக்க வேண்டியதில்லை. ஹேண்ட்கார்டு (பேரலைச் சுற்றிக் கை பிடிக்கும் உறை) பேரலைத் தொடக் கூடாது. காஸ் அளவைத் திருகிக் குறைக்கும் வசதி இருந்தால் மிக நல்லது. மற்ற அலங்காரங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ரைஃபிள் வாங்குகிறீர்களா? ரேஞ்சில் சுடச் சொல்லி, வெளியே விழும் கேஸ்களை (காலித் தோட்டா உறைகளை)ப் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். ஏ.ஆர் வகையில் கேஸ்கள் வலப்பக்கமாக, கடிகாரத்தில் 3, 4 மணி திசையில் ஒரே இடத்தில் குவிந்தால் காஸ் அளவு சரி. 1, 2 மணி திசையில் முன்னோக்கிப் பறந்தால் காஸ் அதிகம். கேஸின் அடிப்பக்கத்தில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் முள்) அழுந்திய பளபளப்பான தழும்போ விளிம்பில் கிழிந்த அடையாளமோ இருந்தால், அழுத்தம் இன்னும் இறங்குமுன்னே போல்ட் திறந்து கேஸைப் பிடுங்குகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. சுடும் கோட்டில் நின்று, ரைஃபிள் வாய் மண்மேட்டைப் பார்த்திருக்க, ஒரு தோட்டாவின் நீளத்தை வெர்னியரில் அளந்துவிட்டு மேகசினில் போடுங்கள். போல்ட்டைக் கையால் மெதுவாகத் தள்ளாமல், தானாகப் பாய்ந்து மூட விடுங்கள். பிறகு அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் மாறியிருந்தால் கேஸின் கழுத்து குண்டை இறுக்கிப் பிடிக்கவில்லை. தோட்டாவுக்குத் தோட்டா இது மாறினால் தூரத்தில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் பொறி கொடுக்கும் பகுதியில்) ஊசி முனை தொட்டது போன்ற சிறு பள்ளம் தெரிந்தால் பயப்படாதீர்கள், ஏ.ஆர்-15 வகையில் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, அது வழக்கமாக வருவதுதான். ஆழமாக இருந்தால் மட்டும் அந்த ப்ரைமரைத் தவிருங்கள்.

.308 அளவில் பெரிய ஏ.ஆர் வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஏ.ஆர்-15-க்கு இருப்பது போல இதற்குப் பொதுவான அளவு கிடையாது. ஆர்மலைட் பாணி, டி.பி.எம்.எஸ் பாணி என்று பிரிந்து கிடக்கிறது. ஒன்றின் உதிரி பாகம் மற்றதில் பொருந்தாது, சில நேரம் மேகசினும் பொருந்தாது. உதிரி பாகம் எளிதில் கிடைக்கும் பாணியைத்தான் நான் எடுப்பேன்.

கேள்வி: .308 வின்செஸ்டரா, 6.5 கிரீட்மூரா? ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும்.

பதில்: 600 கஜத்துக்குள் என்றால் .308. அதற்கு அப்பால் தொடர்ந்து சுடப் போகிறீர்கள் என்றால் 6.5.

காற்றுதான் காரணம். .308-இன் 175 கிரெய்ன் குண்டு விநாடிக்குச் சுமார் 790 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று 600 கஜத்தில் அதைச் சுமார் 70 செ.மீ. தள்ளிவிடும். போட்டிக் குறியில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 12 அங்குலம், அதாவது மையத்திலிருந்து ஓரம் வரை 15 செ.மீ. காற்றை மணிக்கு 4 கி.மீ. தப்பாகக் கணித்தாலே குண்டு வளையத்தைத் தாண்டிவிடும். கிரீட்மூரின் 140 கிரெய்ன் குண்டு மெல்லியது, நீளமானது, காற்றை நன்றாக அறுத்துச் செல்லும். விலகல் கால் பங்கு போலக் குறையும். 1000 கஜத்தை நெருங்கும்போது .308 ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தடுமாறத் தொடங்கும், 6.5 அப்போதும் ஒலியை முந்தித்தான் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு விலையும் உண்டு. நல்ல .308 பேரல் 5000 தோட்டாவைத் தாண்டியும் உழைக்கும். கிரீட்மூர் பேரலில் 2000 முதல் 3000-க்குள்ளேயே தேய்மானம் தெரியத் தொடங்கும். மாதாமாதம் நிறையச் சுடுபவர் பேரல் மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பவருக்கு .308 சிறந்த ஆசான் என்பது என் உறுதியான எண்ணம். தப்பை மறைக்காது.

கேள்வி: ஏ.ஆர்-15-இல் 80 கிரெய்ன் .223 குண்டு போட்டால் 600 கஜம் போகுமாமே?

பதில்: போகும், ஆனால் மேகசினில் போகாது. அந்த மேகசினுக்குள் அடங்கும் தோட்டா நீளம் சுமார் 57 மி.மீ. தான். 80 கிரெய்ன் குண்டை அதன் சரியான நீளத்தில் அமர்த்தினால் உள்ளே அடங்காது. போட்டியாளர்கள் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுத்தான் சுடுகிறார்கள்.

கேள்வி: "மூன்று குண்டு, 1 எம்.ஓ.ஏ.வுக்குள், உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா?

பதில்: மூன்று குண்டை வைத்து ஒரு ரைஃபிளைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்றால் 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. அதே ரைஃபிளில் பத்துக் குண்டு சுட்டால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே, சிதறல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகும். குண்டு கூடக் கூட ஓரத்தில் விழுவதும் சேரும், அவ்வளவுதான். எனவே ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) தோட்டாவில், நடுவில் குளிர விடாமல், பத்துக் குண்டு சுடுங்கள். பேரல் சூடேற ஏற மையம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் அந்த ரைஃபிள் வேண்டாம். மையம் அசையாமல் சிதறல் மட்டும் ஒன்றரை எம்.ஓ.ஏ. என்றால் தயங்காமல் வாங்குங்கள். மேலே சொன்ன 12 அங்குல வளையம் 600 கஜத்தில் சுமார் 2 எம்.ஓ.ஏ., அதற்குள் இது தாராளமாக அடங்கும்.

கேள்வி: ரைஃபிளுக்கே பணம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. ஸ்கோப்பை மலிவாக முடித்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ரைஃபிளில் ஒரு படி இறங்குங்கள், ஸ்கோப்பில் இறங்காதீர்கள். உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பதை விட, டர்ரெட்டை (குறியைச் சரிசெய்யும் திருகை)த் திருப்பிய அளவுக்குச் சரியாக நகர்கிறதா என்பதுதான் கேள்வி. 100 மீட்டரில் ஒரு அளவு நாடாவை நேர்செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். ரைஃபிளை அசையாதபடி இறுக்கிப் பிடித்து வைத்து, குறுக்குக்கோட்டை நாடாவின் சுழியில் நிறுத்தி, 5 மில் திருப்புங்கள் (மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கோடு மிகச் சரியாக 50 செ.மீ. நகர்ந்திருக்க வேண்டும். திரும்பக் கொண்டுவந்தால் அதே சுழியில் வந்து நிற்க வேண்டும். 48-இல் நின்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

மவுன்ட் ஒரே துண்டாக இருக்கட்டும், முழுவதும் ரிசீவரின் (போல்ட் இருக்கும் நடு உடலின்) மேலேயே உட்காரட்டும். பாதி ரிசீவரிலும் பாதி ஹேண்ட்கார்டிலும் கால் வைத்தால், பைபாட் (இருகால் தாங்கி) மேல் சாயும்போது ஹேண்ட்கார்டு வளைந்து உங்கள் ஜீரோவும் (குறி சரிசெய்து வைத்த நிலை) கூடவே போய்விடும். .308-இல் 1000 கஜம் வரை போக எண்ணம் இருந்தால், 100 கஜ ஜீரோவிலிருந்து 10 மில்லுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். முன்பக்கம் தாழ்ந்த 20 எம்.ஓ.ஏ. மவுன்ட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.