நீச்சல் குள ஏணிக் கைப்பிடியில் சுருக்கென்று அடிப்பது மின்கசிவாக இருக்கலாம்

உங்கள் அடுக்ககத்து நீச்சல் குளத்தில் ஏணியைத் தொடும்போதெல்லாம் சுருக்கென்று அடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே குளத்தின் மின்பலகையில் மெயினை அணைத்து, கேட்டைப் பூட்டச் சொல்லுங்கள். பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும் அடுக்ககம் என்றால், அந்த இணைப்பும் குளத்துக்கு வரக்கூடாது. ஒயிட்ஃபீல்டில் உங்கள் அடுக்கக மேலாளர் “வெறும் ஸ்டாட்டிக் (நிலை மின்சாரம்), போன மாதம்தான் ஆய்வு முடிந்தது” என்கிறாராம். ஈரக் காலோடு தொடும்போது ஒவ்வொரு முறையும் ஸ்டாட்டிக் அடிக்காது.

எனக்கு முதலில் சந்தேகம் நீருக்கடி விளக்கின் மேல்தான். வாஷர் கெட்டால் உள்ளே தண்ணீர் புகும். பழைய குளங்களில் அந்த விளக்கு 230 வோல்ட்டிலேயே ஓடும். 12 வோல்ட்தான் பாதுகாப்பு. ஏணிக்கு எர்த் இணைப்பு இல்லையென்றால் கசிவு உங்கள் கை வழியாகப் போகும்.

சரி, என்ன பார்ப்பது?

1. பலகையில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் கருவி) இருக்கிறதா? 30 மில்லியாம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். 100, 300 என்றிருந்தால் அது ஆளைக் காப்பாற்றாது.
2. குளத்தில் யாரும் இல்லாதபோது மின்சாரம் போட்டு, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். ஆர்சிசிபி விழுந்து மின்சாரத்தை நிறுத்தவில்லையென்றால் உடனே மாற்ற வேண்டும்.
3. அப்புறம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மெகர் (வயரின் காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்து விளக்கு, பம்பு இரண்டையும் தனித்தனியாக அளக்கட்டும். அளவுகளை எழுதி வாங்குங்கள்.

பட்டனை அழுத்தியதும் ஆர்சிசிபி விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் பொருள், எர்த் சரி என்று ஆகாது. மெயினை அணைத்த பிறகும் அடித்தால், பக்கத்துத் தோட்ட விளக்குக் கேபிளிலிருந்து வரலாம். டெஸ்டரோடு நீங்களே ஏணியைத் தொட்டுப் பார்க்காதீர்கள். குழந்தைகளைக் குளத்தின் பக்கமே விடாதீர்கள்.