வீட்டுப் பெரியவர்களுடன் பேசுவது: கேள்வி பதில்

முதியோர் பராமரிப்பில் பல வருடமாக இருக்கிறேன். பேச்சு, நினைவு, காது பற்றிக் கேளுங்கள். சொத்துத் தகராறு வேண்டாம்.

கேள்வி: தாத்தாவிடம் என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு முடிகிறது.

பதில்: "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டால் "ம்" தான் வரும். அது விசாரணை. அதற்காக "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றும் ஆரம்பிக்காதீர்கள், எங்கே தொடங்குவதென்று யாருக்கும் தெரியாது. சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் பலருக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன. முதல் சம்பளம், முதல் வேலை, சண்டை போட்டுப் பிரிந்த நண்பன் என்று அங்கே போங்கள். பழைய புகைப்படத்தைக் காட்டி "பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம்.

முதுமையில் பழசையே பேசுவது மூளை தளர்ந்ததன் அறிகுறி என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் இயல்பான வேலை என்று 1963இல் எழுதியவர் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். அதனால் பேச விடுங்கள்.

கேள்வி: பாட்டிக்குக் காது மந்தம். கத்திப் பேசினால் கோபம் வருகிறது.

பதில்: கத்தாதீர்கள். வயதால் காது மங்கும்போது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும். 'ச', 'த' போன்ற மெய்யொலிகள் மங்கிவிடுவதால், நீங்கள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறீர்கள் என்பது புரியாது. கத்தினால் தெளிவு கூடாது, உங்கள் முகம்தான் கடுகடுப்பாகத் தெரியும். டிவியை நிறுத்தி, முகத்தில் வெளிச்சம் விழ எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். காதைப் பரிசோதியுங்கள், சில சமயம் வெறும் அழுக்கு அடைப்பாகவே இருக்கும்.

கேள்வி: அப்பா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

பதில்: "போன வாரமே சொன்னீங்க" என்று வெட்டாதீர்கள். கதையில் வரும் இன்னொருவரைப் பற்றிக் கேளுங்கள். அடிக்கடி மறதியும் சேர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் வயசு என்று விடாதீர்கள். தொற்று, நீரிழப்பு, புது மருந்து எதுவும் காரணமாகலாம். அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: பாட்டிக்குத் தெரியாமல் அவர் பேசுவதைப் பதிவு செய்யலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: கேட்டால் செயற்கையாகப் பேசுவாரே?

பதில்: முதல் சில நிமிடம்தான். அப்புறம் போனையே மறந்துவிடுவார்.

கேள்வி: நாளைக்கு அவர் குரலே இருக்காது. உங்களுக்குச் சட்டம்தான் பெரிதா?

பதில்: சட்டத்தை யார் பேசினார்கள்? மருமகளைப் பற்றி உங்களை நம்பி மனம்விட்டுச் சொன்னது நாளை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடும். "இதை அழிச்சிடு" என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு வேண்டாமா?

கேள்வி: நான் கேட்டேன், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கேட்காமலே செய்திருக்கலாம்.

பதில்: இன்னொருவர் கிளம்பிவிட்டார்! நேற்று வேண்டாம் என்றவர் அடுத்த மாதம் சம்மதிக்கலாம். போனை அவர் கையில் கொடுத்து, பொத்தானை அவரையே அழுத்தவும் நிறுத்தவும் விடுங்கள். அப்போதும் மறுத்தால், குறிப்பெடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: உயில் எழுதச் சொல்வது எப்படி?

பதில்: வக்கீலிடம் போங்கள்.

கேள்வி: முதியோர் தினம் என்றைக்கு?

பதில்: அக்டோபர் 1. ஐ.நா. 1990இல் அறிவித்தது. வாழ்த்துப் படம் அனுப்பாமல் போன் செய்யுங்கள்.

கேள்வி: மாமியாருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, சத்தமாகப் பேச வேண்டுமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: மருத்துவர் அம்மாவை விட்டுவிட்டு என்னிடமே பேசுகிறார்.

பதில்: உங்கள் நாற்காலியை அம்மாவுக்குப் பின்னால் தள்ளிப் போடுங்கள். கேள்வி உங்களிடம் வந்தால் "அம்மாகிட்டயே கேளுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். அம்மா யோசிக்கும்போது முந்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: காது மெஷின் பற்றி...

பதில்: முதலில் பரிசோதனை. இன்றைக்கு இத்தோடு போதும்.