மலைக்கு ஒரு பிரஷ், பனைக்கு ஒரு பிரஷ்

வாசகர் கேள்விகளுக்கு ஓவியரின் பதில்கள்

கேள்வி: க்ளிப் ஸ்டூடியோ பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில் கதாபாத்திரங்கள் வரைந்து பழகியிருக்கிறேன். அண்ணன் எழுதும் மாயாஜாலத் தொடர்கதைக்கு அந்த நாட்டின் வரைபடம் வேண்டுமாம். இதற்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: வேண்டாம். அண்ணனே பணம் தருகிறேன் என்றாலும் வாங்கி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்துக்கென்றே இன்கார்னேட், ஒண்டர்டிராஃப்ட், கேம்பெய்ன் கார்ட்டோகிராபர் என்று பல இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது இன்ஜினியர்கள் பிளான் போடும் கேட் வகை. நம்மைப் போலக் கைவீச்சில் கோடு இழுப்பவர்களுக்கு அது பிடிபட நாளாகும். வேடிக்கை என்னவென்றால், அதே நிறுவனம் அதற்குத் துணையாக கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்று ஒன்றையும் விற்கிறது. தலை, அங்கி, வாள் எல்லாம் சின்னங்களாக இருக்கும். எடுத்துப் பொருத்தினால் ஆள் தயார். அவர்கள் வரைபடத்திலிருந்து ஆளுக்கு வந்தார்கள். நீங்கள் ஆளிலிருந்து வரைபடத்துக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

சூட்சுமம் பிரஷ்ஷில் இருக்கிறது. புதிய லேயர் எடுத்து, அதன் எக்ஸ்பிரஷன் கலரை கிரே என்று மாற்றுங்கள். ஒரே ஒரு மலை வரையுங்கள். கோடு கறுப்பு. மலையின் உட்பகுதியைக் காலியாக விடாமல் வெள்ளை நிரப்புங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். பிறகு எடிட் மெனுவில் ‘ரெஜிஸ்டர் மெட்டீரியல் – இமேஜ்’ போய், பிரஷ் முனையாகப் பயன்படுத்தும் கட்டத்தில் டிக் செய்து சேமித்துவிடுங்கள். இனி அந்த முனையால் தட்டும்போது கறுப்பு இருந்த இடத்தில் மெயின் கலர் விழும், வெள்ளை இருந்த இடத்தில் சப் கலர் விழும். மெயின் கலருக்குக் கரும்பழுப்பு, சப் கலருக்குத் தாளின் நிறம். மேலே வடக்கில் தொடங்கிக் கீழே தெற்கு நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். முன்னால் நிற்கும் மலை பின்னால் இருப்பதைத் தானாக மறைத்துக்கொள்ளும், ஒரு கோட்டைக்கூட அழிக்க வேண்டியதில்லை.

ஒரே மலை திரும்பத் திரும்ப வந்தால் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல இருக்கும். ஐந்தாறு மலைகள் வரைந்து ஒரே பிரஷ்ஷில் சேர்த்து, ரிபீட் முறையை ரேண்டம் என்று வையுங்கள். எல்லாவற்றிலும் நிழல் ஒரே பக்கம் விழட்டும். எனக்கு ஒளி இடது மேல் மூலையிலிருந்து வர வேண்டும். நிழல் போட்ட மலையை இடம் வலமாகத் திருப்பிப் புதுமலை என்று ஏமாற்றாதீர்கள்; இரண்டு சூரியன் உள்ள நாடாகிவிடும். (கதையில் நிஜமாகவே இரண்டு சூரியன் என்றால் என்னை விட்டுவிடுங்கள்.)

காட்டுக்கு ஸ்பிரே எஃபெக்ட் ஆசை காட்டும். ஆனால் அது மரங்களை வரிசை பார்க்காமல் இறைக்கும், பின்னால் இருக்க வேண்டிய மரம் முன்னால் ஏறி உட்காரும். நடுக்காட்டுக்குப் பரவாயில்லை. தெற்கு ஓரத்து மரங்களை மட்டும் கையால் ஒவ்வொன்றாக வையுங்கள். ஆறும் கடற்கரையும் வெக்டர் லேயரில், அதாவது வரைந்த பிறகும் கோட்டை வளைத்துத் திருத்தக்கூடிய லேயரில் இருக்கட்டும். அண்ணன் மூன்றாவது அத்தியாயத்தில் மனம் மாறி ஆற்றைத் திருப்பிவிடச் சொன்னால் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் சின்னங்களில் பைன் மரமும் ஐரோப்பியக் கோட்டையும்தான் இருக்கின்றன. என் கதை நடப்பது வயலும் ஏரியுமான நாட்டில். என்ன செய்யலாம்?
– மன்னார்குடி வாசகர்

பதில்: நீங்களே வரையுங்கள். நாலைந்து போதும். பனைக்கு நேரான தண்டு, மேலே விசிறி விசிறியாக உருண்டைத் தலை. தென்னைக்கு லேசாக வளைந்த தண்டு, தொங்கும் கீற்று. சின்னதாகும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுவது தண்டும் தலையின் உருவமும்தான், ஓலையை எண்ணி எண்ணி வரைவது வீண். கோபுரத்துக்கும் அதேதான். அச்சில் ஒரு சென்டிமீட்டர் உயரம் வரப்போகிற சின்னத்தில் சுதைச் சிற்பம் வரைந்தால் கறைதான் மிஞ்சும். மேலே போகப்போகக் குறுகும் உடல், நிலைகளுக்கு நாலு குறுக்குக்கோடு, உச்சியில் கலசப் புள்ளிகள், போதும்.

ஏரியை முட்டை வடிவத்தில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான், பள்ளமான பக்கம். அதைத் தடித்த வில்லாகப் போடுங்கள். எதிர்ப்பக்கம் தண்ணீர் மேட்டில் போய் ஒழுங்கில்லாமல் கரைந்து முடியட்டும். கரைக்கு வெளியே மதகடியில் வயல் கட்டங்கள். பார்த்த மாத்திரத்தில் ஏரி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: வரைபடத்துக்குள் கதாநாயகியை நிற்க வைத்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்குமா?
– சேலம் வாசகி

பதில்: 1375ஆம் ஆண்டு கட்டலான் அட்லஸ் என்று ஒன்று பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் சஹாராவுக்குத் தெற்கே மாலி மன்னர் மான்சா மூசா முடிசூடி, கையில் பொன் வட்டை ஏந்தி உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒட்டகத்தில் ஒருவர் வருகிறார். ஓலாவுஸ் மாக்னுஸ் 1539இல் வெளியிட்ட கார்ட்டா மரீனாவில் ஸ்காண்டிநேவிய நிலம் முழுக்க ஆட்களும் விலங்குகளும், கடல் முழுக்கப் பூதங்களும். தாராளமாக நிற்க வையுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத வெற்றிடமாகப் பார்த்து வைப்பது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. அட்டைப்படத்துக்கு வரைந்த உருவத்தை அப்படியே கட்டைவிரல் அளவுக்குச் சுருக்காதீர்கள், கோடுகள் மயிரிழையாகிவிடும். வெக்டரில் வரைந்ததாக இருந்தால், சுருக்கும்போது பிரஷ் அளவும் மாறும் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தடிமன் அப்படியே நிற்கும். அப்போதும் கண், மூக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த அளவில் புதிதாக வரைவதே மேல் என்பேன்.

கேள்வி: கற்பனை நாட்டிலும் ஆறு இரண்டாகப் பிரியக் கூடாது என்கிறார்களே?
– திருச்சி வாசகர்

பதில்: திருச்சியில் இருந்துகொண்டா இந்தச் சந்தேகம்? முக்கொம்புக்குப் போய்ப் பாருங்கள், காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கியிருக்கின்றன. சமவெளியில், கடல் நெருங்கும்போது ஆறு பிரியும். மலையில் சின்ன ஆறுகள் வந்து சேரும். அவர்கள் திட்டுவது மலையுச்சியில் பிறந்து இரண்டு கடலுக்கு ஓடும் ஆறுகளைத்தான்.

கேள்வி: கையில் காசில்லை. இலவச மென்பொருள் போதுமா? அச்சுக்கு என்ன அளவு?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: போதும். படத்துக்குக் கிரிட்டா, ஊர்ப்பெயர்களுக்கு இங்க்ஸ்கேப். சில மென்பொருள்களில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி விழும், இங்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே சின்னங்களை குளோனாக (மூலத்தோடு இணைந்த நகலாக) வைத்தால் மூலத்தைத் திருத்தியதும் எல்லாம் திருந்தும். இன்கார்னேட்டின் இலவசக் கணக்கில் செய்த படம் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், விற்கும் புத்தகத்தில் போட முடியாது. ஏ4 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல். இரண்டு பக்கத்தில் விரியும் வரைபடமானால் தலைநகரை நடுவில் வைக்காதீர்கள், பைண்டிங்கில் மாட்டிக்கொள்ளும்.