குளவியும் புழுவும்

அன்பின் ஐயா,

வடமராட்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒட்டுண்ணிக் குளவி உயிருள்ள புழுவுக்குள் முட்டையிடுவதையும், குடம்பிகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்வதையும் விளக்கியபோது, “கடவுள் இருந்தால் இப்படியொன்றை ஏன் படைத்தார், ரீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் பிறக்கு முன்பே மாமா குடும்பத்தைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. நான் நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவள். இயற்கைக்கு நம்மீது அக்கறை இல்லை என்றால் கடவுளை எப்படி நம்புவது?

– ஓர் ஆசிரியை

அன்பின் ரீச்சர்,

உங்கள் மாணவி கேட்டதை 1860இல் டார்வினும் கேட்டார். கருணையும் வல்லமையும் உள்ள கடவுள் இந்தக் குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று ஆசா கிரே என்ற தாவரவியலாளருக்குக் கடிதம் எழுதினார். நம் பெரியவர்களோ, குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாவதுபோல் குரு சீவனைச் சிவமாக்குவார் என்று சொல்லிவந்தார்கள். கூட்டுக்குள் போனது புழு, வெளியே வந்தது குளவி, அவர்கள் கண்டது அவ்வளவுதான். உள்ளே அந்தப் புழுவைத் தின்றுதான் குளவிக்குஞ்சு வளர்ந்தது. இதை வகுப்பில் மறைக்காமல் சொல்லுங்கள். சைவம் அதனால் குறைந்துபோகாது.

சைவசித்தாந்தம் உலகத்தை மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றிய சடம் என்கிறது. சடத்துக்கு அறிவில்லை, அக்கறையும் இல்லை. 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடிப் பிளவு 1,000 கிலோமீற்றருக்கு மேல் நழுவியது. ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. மணற்காட்டிலும் மருதங்கேணியிலும் அது யாரையும் தேடி வரவில்லை. மயோசீன் என்ற பழைய புவிக்காலத்துக் கடலில் படிந்த சுண்ணக்கல்தான் நம் யாழ்ப்பாணக் குடாநாடு. ஆறில்லாத ஊரில் கிணற்றுத் தண்ணீர் நிற்பது அந்தக் கல்லுக்குள். அதையும் நமக்காக என்று கடல் செய்யவில்லை. எனக்கு இதில் ஆறுதல் உண்டு. கடல் ஆள்பார்த்துக் கொன்றது என்றால், அப்படிக் கொல்லச் சொன்னவரையா நாம் கும்பிடுவது?

ஆனால் இறைவன் வினைக்கேற்ப இன்பதுன்பத்தை ஊட்டுகிறான் என்றும் சித்தாந்தம் சொல்கிறது. அந்த இடத்தில் என்னால் சித்தாந்தத்தோடு சேர்ந்து போக முடியவில்லை. என் துன்பத்தை என் வினை என்று நான் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் போய் “அது பிள்ளையின் வினை” என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அப்படிச் சொன்னவர்கள் அன்று இருந்தார்கள், எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

யாழ்ப்பாணத்து ஞானி கொழும்புத்துறை யோகர் சுவாமி “ஒரு பொல்லாப்பும் இல்லை” என்றார். அதை மட்டும் சொன்னால் அந்த மாணவிக்கு வலிக்கும். அவரே “நாம் அறியோம்” என்றும் சொன்னார். நான் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், ஒரு புழுவின் வலி அவளுக்கு ஏன் பொறுக்கவில்லை? இறைவன் உயிருக்குள் நின்று உணர்த்துகிறான் என்பார்கள். நான் அவனை நம்புவது அங்கேதான். இரக்கமும் பரிணாமத்தில் வந்ததுதான் என்பீர்கள். சரி, வந்த வழி அதுவாகவே இருக்கட்டும், என் நம்பிக்கைக்கு அது தடையில்லை.

இதையெல்லாம் அவளுக்கு நிரூபணமாகக் காட்டாதீர்கள். டார்வினின் கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள், கேள்வியைத் திறந்தே விடுங்கள். மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால், கடல் அவரை எதற்காகவும் தண்டிக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.