றாத்தலில் போன விமானம்

கேள்வி: ஐயா, விமானத்தில் எண்ணெய் எவ்வளவு என்று மீற்றரே காட்டுமே. பிறகும் ஏன் விமானிகளில் ஒருவர் சரிபார்ப்பு அட்டையை வாசிக்க மற்றவர் பதில் சொல்கிறார்? மனப்பாடமாக இருக்காதா?
– உயர்தர மாணவன், ஒட்டுசுட்டான்

பதில்: மனப்பாடமாக இருப்பதுதான் தம்பி, வில்லங்கம்.

வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பதினொரு வருடம் பவுசரில், அதாவது எண்ணெய்த் தாங்கி வண்டியில், விமானங்களுக்கு எண்ணெய் அடித்தவன் நான். இப்போது முறிகண்டிப் பக்கம் தோட்டம். ஜெட் எண்ணெயும் மண்ணெண்ணெய்ச் சாதிதான். பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய வன்னியானுக்கு அந்த மணம் புதிதில்லை.

மீற்றரைக் கேட்டாய். 1983 ஜூலை 23 அன்று எயார் கனடாவின் போயிங் 767 ஒன்றில் அந்த மீற்றரே வேலை செய்யவில்லை. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் எண்ணெய்த் தாங்கிக்குள் நாங்கள் தடி விட்டுப் பார்ப்பதுபோல, இறக்கைக்கு அடியில் இருக்கும் அளவுகோலால் பார்த்தார்கள். 7,682 லீற்றர் கிடந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. விமானத்தில் நிறைதான் கணக்கு. சூட்டில் எண்ணெய் விரிந்தால் லீற்றர் கூடும், நிறை கூடாது. லீற்றரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8 ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77 ஆல். அது றாத்தலுக்கான, அதாவது பவுண்டுக்கான, எண். ஆமாம், நாங்கள் பாண் வாங்கும் அதே றாத்தல்! கனடா அப்போதுதான் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. கிடந்த எண்ணெயைக் கூடுதலாகக் கணக்கிட்டு, குறைவாக அடித்தார்கள். தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் ஏறிவிட்டது.

41,000 அடியில் எச்சரிக்கை அடித்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றன. நல்லகாலம், கப்டன் பொப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற இடத்தில், கைவிட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அன்று அங்கே கார்ப் பந்தயம் வேறு! 69 பேரும் தப்பினார்கள்.

எனக்கு உறைத்தது வேறொன்று. அந்தக் கணக்கை ஒருதரம் இல்லை, பலதரம் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தரமும் அதே 1.77. கணினிக்கும் 22,300 என்று கையால் கொடுத்தார்கள். அது பாவம், கொடுத்ததை நம்பியது.

அதனால்தான் பவுசரில் போன லீற்றரை அடர்த்தியால் பெருக்கி, விமானியின் மீற்றர் காட்டும் கிலோவோடு ஒப்பிடுவது. இரண்டும் வெவ்வேறு வழியால் வந்து பொருந்த வேண்டும். அட்டையும் அப்படித்தான். "எண்ணெய்?" என்று கேட்டால் "சரி" என்பது பதிலில்லை. மீற்றரைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று மாதிரி எடுத்து, ஒரு சின்ன வில்லை வழியாக இழுப்போம். தண்ணீர் இருந்தால் வில்லையின் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். ஒரு நோன்பு கால இரவு, நாலாவது விமானம். எடுக்காமலே தாளில் சரி போட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் ஒரு மலையாளி. மாதிரிப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. ஏசவில்லை. "போய் எடுத்துக்கொண்டு வா" என்றார். விமானம் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. வில்லை மஞ்சளாகத்தான் இருந்தது. அதையும் தன் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.