வாசகர் கேள்வி – பதில்: தன் கதையில் பிறருக்கு எவ்வளவு இடம்?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் வாசகசாலையில் தமிழ் அலமாரியிலிருந்தும் மலையாள அலமாரியிலிருந்தும் மாறி மாறி நூல்களை எடுத்துப் படித்து வருகிறேன். அண்மையில் படித்தவற்றுள் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலில் ஊர் மக்கள் என்னைக் கட்டிப்போட்டார்கள். ஆனால் நாயகன் ரவியின் மனக்குமைச்சல் பொறுமையைச் சோதித்தது. ‘திருடன் மணியன்பிள்ளை’ என்ற தன்வரலாறு மிகவும் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். பெரிய பதவிகளை வகித்த ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். என் ரசனையில் கோளாறு உள்ளதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: கோளாறு எதுவும் இல்லை, அம்மா. தாங்கள் மூடி வைத்த நூலைப் பற்றித் தங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரியே போதுமானது: ‘அவரைத் தவிர அதில் வேறு மனிதரே இல்லை.’ தன்வரலாறு எழுதுபவர் தம்மைப் பற்றி எழுதாமல் வேறு யாரைப் பற்றி எழுதுவார் என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால், எழுதுபவரின் மனைவிக்கும் ஓட்டுநருக்கும் எதிரணியில் இருந்தவருக்கும் தனித்தனியே ஒரு முகம் வாய்க்காத நூலில், எழுதுபவரின் முகமும் தெளிவாகத் தெரிவதில்லை என்பதே என் அனுபவம். இவ்வகை நூல்களில் பட்டியல்கள் மிகுதியாக இருக்கும். யார் யார் வரவேற்றார்கள், யார் யார் மாலையிட்டார்கள் என்பதை அறிய அன்றைய செய்தித்தாளே போதும்.

மணியன்பிள்ளையின் நூல் தங்களைப் பிடித்து நிறுத்தியதற்கும் இதுவே காரணம். கொல்லம் பகுதியைச் சேர்ந்த அந்தத் திருடர் சொல்லச் சொல்ல, எழுத்தாளர் ஜி.ஆர். இந்துகோபன் மலையாளத்தில் எழுதிய நூல் அது. அதைத் தமிழில் தந்த குளச்சல் மு. யூசுஃப், 2018ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். திருடன் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் அது அடுத்தவர் வீட்டுக் கதையாகத்தான் இருக்க முடியும். நள்ளிரவில் உள்ளே நுழைந்தவனுக்கு, அந்த வீட்டார் எங்கே உறங்குகிறார்கள், எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பிழைப்புக்குத் தேவையான அறிவு. மைசூருக்குச் சென்று சலீம் பாஷா என்ற பெயரில் செல்வந்தராகவும் ஊர்ப் பிரமுகராகவும் வாழ்ந்து, தேர்தலில் நிற்கும் அளவுக்கு உயர்ந்து, பிறகு பிடிபட்ட பகுதியையே பலரும் வியந்து பேசுகிறார்கள். எனக்கு அதைக் காட்டிலும் பெரிதாகப்பட்டது, காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சிறையிலும் சந்தித்தவர்களைப் பற்றி அவர் சொல்லும் முறை. தம்மை நல்லவராகக் காட்ட அவர் முயலும் இடங்களும் உண்டு. அங்கே நூல் சற்றுத் தொய்கிறது. வாக்குமூலத்துக்குப் பழகிய நாவு என்பதால், எங்கே உருக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படித்தால் சுவை குறைவதில்லை.

ரவியைப் பற்றித் தாங்கள் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்த நாவலை எழுதிய ஓ.வி. விஜயனின் சகோதரி ஆசிரியையாக நியமிக்கப்பட்ட தஸ்ராக் என்ற சிற்றூர் பாலக்காட்டுக்கு அருகில், தங்கள் ஊரிலிருந்தும் எளிதில் சென்று வரக்கூடிய தொலைவில் உள்ளது. அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து ஏறத்தாழ 12 ஆண்டுகள் எழுதித் திருத்தி, 1969இல் விஜயன் நூலாக்கினார்; அவ்வூரே நாவலில் கசாக் ஆனது. அல்லாப்பிச்சா மொல்லாக்காவும் மைமூனாவும் அப்புக்கிளியும் நம் ஊர்ச் சந்தையில் எதிரே வருபவர்களைப் போலத் தோன்றுவதும், அவ்வூர் ராவுத்தர்களின் பேச்சில் நமக்குப் பழகிய தமிழ் கலந்திருப்பதும் எல்லைப்புறத்து வாசகருக்குத் தனி இன்பம். ஆனால் அந்த ஊரை நமக்குக் காட்டும் கண்கள் ரவியுடையவை. சிற்றன்னையுடனான உறவின் குற்றவுணர்விலிருந்து தப்பி ஓடி, ஓராசிரியர் பள்ளிக்கு வந்து சேர்ந்தவன் அவன். இறந்தவர்களின் நினைவுகளே தும்பிகளாகப் பறக்கின்றன என்று கசாக்கில் நம்புகிறார்கள். எதையாவது மறந்துவிட வேண்டும் என்று வந்தவனுக்கு அந்த நம்பிக்கை எப்படித் தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குமைச்சல் இல்லாத ஒருவன் அங்கே வந்திருந்தால், அதை வேடிக்கையான வழக்கம் என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். ஊரை அம்மை நோய் சூறையாடும் அத்தியாயங்களை இன்னொரு முறை படியுங்கள். அங்கே ரவியும் ஊராரும் ஒரே நிலையில் நிற்பதைக் காணலாம். யூமா வாசுகியின் தமிழாக்கத்தைத்தான் தாங்கள் படித்திருப்பீர்கள் என நினைக்கிறேன். 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த மொழிபெயர்ப்பை, மலையாள அலமாரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த வசதி சென்னை வாசகருக்கு எளிதில் கிடைக்காது.

கேள்வி: எங்கள் பகுதியின் பழைய வாழ்க்கையை அறிய நினைவுக் குறிப்புகளைத் தேடினேன், எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நாவல்களே. ‘புத்தம் வீடு’, ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ஆகிய இரண்டையும் படித்தேன். இவற்றை ஊரின் நினைவுக் குறிப்புகளாகக் கொள்ளலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: கொள்ளலாம்; ஆனால், எந்த நிகழ்ச்சி உண்மையில் நடந்தது என்று தேடிப் போகாமல் இருந்தால் நல்லது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ நாவலில், பருவம் வந்த லிஸியின் படிப்பு நின்று, அவள் வீட்டுக்குள் அடைபடுகிறாள். யாரும் அவளைத் துன்புறுத்துவதில்லை; தாத்தா கண்ணப்பச்சிக்கு அவள் மீது பாசம் குறைவதும் இல்லை. அன்பும் குடும்ப கௌரவமும் சேர்ந்தே கதவைச் சாத்துகின்றன. அந்தக் குடும்பத்துப் பெண்ணொருத்தி பிற்காலத்தில் தன்வரலாறு எழுதியிருந்தால், தாத்தாவின் அன்பை மட்டும் எழுதியிருப்பாள், அல்லது அடைபட்ட கசப்பை மட்டும் எழுதியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உறவினர் மனம் புண்படுமே என்ற தயக்கம் தன்வரலாற்றுக்கு எப்போதும் உண்டு. பனையேறும் தங்கராஜை லிஸியின் உள்ளம் நாடுவதை, இன்னார் வீட்டுப் பெண் என்று ஊரார் சுட்ட முடியாத கற்பனைப் பெயர்களின் மறைவில் நாவலாசிரியரால் அச்சமின்றிச் சொல்ல முடிந்தது.

தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து மலையாள வழியில் கல்வி கற்ற தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவதை எதிர்க்கிறார். அவருடைய அதிகாரம் கண்ணெதிரே சரிகிறது. அவரைக் கொடியவராக மட்டும் தீட்டியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். தம் காலம் முடிந்துவிட்டதை உணர மறுக்கும் கிழவரின் தனிமையையும் மீரான் காட்டியதால்தான், நாவல் வெறும் சீர்திருத்தப் பிரசுரமாகிவிடவில்லை. எங்கள் ஊருக்கு அவப்பெயர் தேடித் தந்துவிட்டார் என்று இத்தகைய எழுத்தாளர்களைக் குறை கூறுவோரை நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் நானும் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நூலைப் படித்திருப்பதில்லை.

கேள்வி: உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலின் பருமனே அச்சமூட்டுகிறது. எங்கே தொடங்கலாம்?
– கல்லூரி மாணவர், செங்கோட்டை

பதில்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க மாயூரம் செல்லும் பகுதியில் தொடங்குங்கள், இளமைக் காலத்தைப் பின்னர் திரும்பிப் படிக்கலாம். ஆனந்த விகடனில் 1940 முதல் வாரந்தோறும் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. ஆசிரியரின் புலமையோடு அவருடைய வறுமையையும் கடனையும் மறைக்காமல் எழுதியிருக்கும் அந்தப் பக்கங்களில், சரித்திரத்துக்கு உரியவர் மாணவராகச் சற்றுப் பின்னால் நின்றுகொள்கிறார். பிறருக்கு முகம் தரும் நூலில்தான் எழுதுபவரின் முகமும் தெரியும் என்று மேலே நான் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வந்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்த என் தந்தை, தம் வாழ்க்கையை எழுத விரும்புகிறார். ‘நான் என்ன சாதித்தேன் என்று எழுதுவது?’ எனத் தயங்குகிறார். அவருக்கு எந்த நூலைக் கொடுக்கலாம்?
– வாசகி, குமுளி

பதில்: அவர் மலையாளம் படிப்பாரென்றால், வி.டி. பட்டத்திரிப்பாடின் ‘கண்ணீரும் கினாவும்’ நூலைக் கொடுங்கள். நம்பூதிரிக் குடும்பத்தில் பிறந்து, கோயிலில் பூசை செய்துகொண்டிருந்த அந்த இளைஞருக்கு அப்போது மலையாள எழுத்துகூடத் தெரியாது. ஒரு சிறுமி தன் பள்ளிக் கணக்கைத் தீர்த்துத் தரும்படி கேட்க, வெட்கிப்போய் அவளிடமே எழுத்துக் கற்கத் தொடங்குகிறார். பிறகு ஒரு நாள், வெல்லம் சுற்றி வந்த தாளில் இருந்த ‘மான் மார்க் குடை’ விளம்பரத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறார். பிற்காலத்தில் சமூகத்தையே உலுக்கிய நாடகத்தை எழுதியவரின் முதல் வாசிப்பு ஒரு குடை விளம்பரம். சாதனைகளைப் பேசும் பக்கங்களைவிட அந்தப் பக்கமே என் மனத்தில் நிற்கிறது.

தமிழில் படிப்பதானால் ‘எரியும் பனிக்காடு’ ஏற்றது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவலின் தமிழாக்கம் இது, மொழிபெயர்த்தவர் இரா. முருகவேள். மேஸ்திரியின் ஆசைவார்த்தையை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி தம்பதியின் கதையை மருத்துவர் சொல்கிறார். அது வெளியிலிருந்து பார்த்தவரின் பரிவு. உள்ளிருந்து பார்த்தவர் தங்கள் தந்தை. விடியற்காலை ஜீப்பில் யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள், கங்காணி யாரிடம் குரலை உயர்த்தினார், யாரிடம் தாழ்த்தினார், மழைக்காலத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் விறகு எங்கே காய்ந்தது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் புகை மூட்டத்துக்கு நடுவே இரவு காவல் இருந்தவர் யார் என்பதையெல்லாம் முதலில் எழுதச் சொல்லுங்கள். முன்னுரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.