இன்ஜின் வேலை முடிந்த டிராக்டர் பிடிக்க மறுக்கிறதா? புகையைப் பாருங்கள்

கேள்வி: மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு இன்ஜின் வேலை செய்தோம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. ஹெட்டில் வால்வு வேலையும் முடிந்தது. டீசல் பம்பைத் தனியாகக் கழற்றிச் சரிபார்த்து மாட்டினோம். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை. டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, பலமுறை ஏர் எடுத்தாயிற்று. இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். இழுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டைமிங், அதாவது பம்ப் டீசல் கொடுக்கும் நேரம், தப்பாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது, புது ரிங்கும் பேரிங்கும்தான் அடி வாங்கும்.

சைலன்சரில் புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று பொருள். அப்போது ஏர் லாக் (லைனில் காற்று அடைப்பு), ஸ்டாப் கேபிள், ஸ்டாப் சாலினாய்டு (டீசலை நிறுத்தும் மின் வால்வு) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்குப் புகை வருகிறது. கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். டீசல் போகிறது, பற்றவில்லை. எனவே இன்னும் ஏர் எடுத்துக்கொண்டிருப்பதில் பெரிய பயனில்லை. வாடை இல்லாமல் நீராவிபோல் வந்தால் விஷயம் வேறு: செல்ஃப் அடிப்பதை அங்கேயே நிறுத்தி, சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறதா, ஹெட் கேஸ்கெட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். எரியாத டீசல் லைனர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஆயில் படலம் போனால் புது ரிங் கம்ப்ரஷனை (காற்றின் அழுத்தத்தை) பிடிக்காது. ஆக, செல்ஃப் அடிக்க அடிக்க ஸ்டார்ட் ஆகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ டீசல் வாடை வந்தாலோ, முதலில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது, பம்பைத் தனியாகக் கழற்றி மாட்டியது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்றுதான் சுற்றும். ஒன்றாம் சிலிண்டர் பிஸ்டன் அந்த இரண்டு சுற்றில் இரண்டு முறை மேலே வரும்: ஒன்று கம்ப்ரஷனில், மற்றொன்று எக்ஸாஸ்ட் முடிவில். ஃபிளைவீல் குறியை மட்டும் பார்த்துப் பம்பை மாட்டினால் இரண்டாவதில் மாட்டிவிட வாய்ப்பு உண்டு. அப்படி மாட்டினால் டீசல் சரியாக ஒரு சுற்று தள்ளி விழும். புகை வரும், பிடிக்காது.

இதைச் சோதிக்க ராக்கர் கவரை (ஹெட்டின் மேல் மூடியை) கழற்றி, ஒன்றாம் பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். கிராங்க் புல்லியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் அசையாமல், டேப்பட் இடைவெளியோடு (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி) நின்றால் அது கம்ப்ரஷன். ஒரு வால்வு மூடும்போதே மற்றது திறக்கத் தொடங்கினால் அது எக்ஸாஸ்ட் முடிவு. அப்படியானால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஷனில் நிற்கும்போது பம்ப் ஒன்றாம் லைனுக்கு டீசல் கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். ரோட்டரி பம்ப் என்றால் பெரும்பாலும் பக்க மூடியைத் திறந்து உள்ளே உள்ள குறியைப் பார்க்கலாம். இன்லைன் பம்ப் என்றால் ஒன்றாம் பைப்பைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி, டீசல் எப்போது அசைகிறது என்று கவனியுங்கள். ஒரு சுற்று தள்ளியிருந்தால் டைமிங் கியர் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை, பம்பைக் கழற்றி ஷாஃப்டை அரைச் சுற்று திருப்பி மாட்டினால் போதும்.

ஒரு சின்ன விஷயம். ஐட்லர் கியர் (நடுவில் நின்று மற்ற டைமிங் கியர்களை இணைக்கும் கியர்) உள்ள இன்ஜினில் குறிகளைச் சேர்த்து மாட்டிய பிறகு ஒரு சுற்று சுற்றினால் குறிகள் மறுபடி சேராது. பல சுற்றுக்குப் பிறகே சேரும். அதைப் பார்த்துப் பயந்து கியரை மறுபடி கழற்றியவர்கள் உண்டு.

ராக்கர் கவர் திறந்திருக்கும்போதே டேப்பட்டையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்துவிடுங்கள். இடைவெளியே இல்லையென்றால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷனும் நிற்காது. இன்ஜெக்டர் அடியில் பழைய செம்பு வாஷர் ஒட்டியிருக்க, மேலேயே புதியதைப் போட்டுவிடுவதும் நடக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

டைமிங் சரி என்றால் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். டீசலைப் பற்றவைப்பது அழுத்தத்தால் வரும் சூடுதான். மெதுவாகச் சுற்றினால் காற்றும் கசியும், சூடும் லைனர் சுவரில் போய்விடும். நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றாவது இருந்தால் நல்லது. புது இன்ஜின் இறுக்கமாக இருக்கும் என்பதால் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் எர்த் வயரையும் சந்தேகியுங்கள். இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்திருந்தால் எர்த் பிடிக்கும் இடத்தைச் சுரண்டிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிடிக்கவில்லையென்றால் டீசல் இன்ஜினுக்கான கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் மட்டும் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஸ்பூனுக்கு மேல் ஊற்றாதீர்கள், பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடமே கொஞ்சம்தான். நிறைய ஊற்றினால் இன்ஜின் லாக் ஆகி கனெக்டிங் ராடு வளையும். ஈதர் ஸ்பிரேயும் வேண்டாம், புது ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடும்.

மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து வினாடி போதும், நடுவே செல்ஃப் ஆற விடுங்கள். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பம்ப் ராக் (பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) சிக்கியிருந்தால் இன்ஜின் பிடித்தவுடன் தறிகெட்டு ஓடும். ஸ்டாப் கேபிள் அப்போது உதவாது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்க முயலக் கூடாது.